புல்லட் எஞ்சினுக்கு வீட்டிலேயே கடைந்த புஷ்

என் பழைய 350 சிசி புல்லட்டின் ஐடிலிங்கில் (வண்டி நிற்கையில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது) லேசான இரட்டைத் தட்டல் கேட்டது. பிரித்துப் பார்த்தால், பிஸ்டனை கிராங்க்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடின் மேல்முனைப் புஷ் (துளைக்குள் பொருந்தும் உலோகக் குழல்) தேய்ந்து, பிஸ்டனை அந்த ராடுடன் பிணைக்கும் கட்ஜன் பின் ஆடியது. கும்பகோணத்தில் பித்தளை எளிதாகக் கிடைத்தாலும் இந்த இடத்துக்கு அது தாங்காது. ஆகவே கன்மெட்டல் (செம்பும் வெள்ளீயமும் துத்தநாகமும் சேர்ந்த கலவை) உருளை வாங்கி, வீட்டு லேத்தில் வெளிவிட்டத்தை ராடின் துளையைவிட 0.05 மி.மீ. கூடுதலாகக் கடைந்து, பெஞ்ச் வைஸில் நிதானமாக அழுத்தி ஏற்றினேன். இறுக்கமாக ஏறும் புஷ்ஷின் உள்துளை சற்றுச் சுருங்கும் என்பதால், அதை முன்கூட்டியே முழு அளவுக்குக் கடைந்துவிடாமல், ஏற்றி முடித்து, எண்ணெய்த் துளையும் இட்டபிறகு, துளையை நுணுக்கமாக அகலப்படுத்தும் ரீமரை ஒரே திசையில் சுற்றி, எண்ணெய் தடவிய கட்ஜன் பின் கட்டைவிரல் அழுத்தத்துக்கு வழுக்கி நுழையும்வரை சிறிது சிறிதாகத் திருத்த வேண்டும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அதுதான். தஞ்சாவூர்வரை ஓட்டிப் பார்த்தேன். தட்டல் அறவே இல்லை.