டிஸ்சார்ஜ் புக்கில் விட்டுப்போன மெடல்: ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுவது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல் பக்கம் மிலிட்டரியில் இருந்து வந்தவர்கள் நிறையப் பேர். கேண்டீன் வரிசையில் நின்றாலும், நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கப் போனாலும் ஒரு பேச்சு காதில் விழாமல் போகாது: "எனக்கும் அந்த மெடல் வரணும்ப்பா, புக்குல ஏத்தாம விட்டுட்டாங்க." புக் என்றால் பணி முடிந்து வெளியே வரும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக். பாதிப் பேர் அதோடு விட்டுவிடுகிறார்கள். மீதிப் பேர் நாலு பக்கத்துக்கு மனு எழுதி அனுப்பிவிட்டு, பதில் வரவில்லை என்று குறைப்படுகிறார்கள்.

நான் ராணுவத்தில் கிளார்க்காக இருந்தவன். ரெக்கார்ட் ஆபீசில், அதாவது உங்கள் பிரிவின் சேவைப் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகத்தில், உங்கள் கடிதத்தைப் பிரிக்கும் ஆள் அதில் என்ன தேடுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மெடல் கொடுங்கள் என்று கேட்காதீர்கள், விட்டுப்போன பதிவைச் சேருங்கள் என்று கேளுங்கள். மெடல் என்பது பதிவுக்குப் பின்னால் வருவது. பதிவு இல்லாமல் எந்த அதிகாரியும் மெடல் கொடுக்க முடியாது. பதிவு ஏறிவிட்டால் யாரும் மறுக்கவும் முடியாது.

இன்னொன்று. போர்க்கால மெடலுக்கும் சேவை மெடலுக்கும் மாதாமாதம் பணம் எதுவும் கிடையாது. பென்ஷன் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மரியாதைக்காகத்தான் இந்த வேலை.

படி 1: எந்த வகை மெடல் என்று பாருங்கள்

வீரதீர விருதுகள் ஒரு வகை. வீர் சக்ரா, சௌர்ய சக்ரா, சேனா மெடல் எல்லாம் இதில் வரும். கமாண்டிங் ஆபீசர் அன்றைக்கே பரிந்துரை எழுதி, அது மேலே போய், கடைசியில் அரசிதழில் வெளிவரவேண்டும். "நான் அன்றைக்குச் செய்ததற்கு சேனா மெடல் தந்திருக்க வேண்டும்" என்று இப்போது எழுதிப் பயன் இல்லை. அரசிதழில் பெயர் வந்து, புக்கில் மட்டும் விட்டுப்போயிருந்தால் அது வேறு கதை. அரசிதழ் நகலை இணைத்தாலே போதும்.

நீண்ட சேவைக்கும் நன்னடத்தைக்கும் தேர்வு செய்து தரும் மெடல் இன்னொரு வகை. அதற்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு, உரிமையாகக் கேட்க முடியாது.

இந்தக் கட்டுரை மூன்றாவது வகைக்கு. குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலத்தில் இருந்தாலே தகுதி வந்துவிடும் மெடல்கள் அவை. 1971 போரில் கிழக்கு முனைக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனைக்குப் பஸ்சிமி ஸ்டார், அந்தப் போர்க்காலத்தில் பணியில் இருந்தவர்களுக்குச் சங்க்ராம் மெடல். இலங்கைக்கு 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் போனவர்களுக்குச் சிறப்புச் சேவை மெடலும் அதன் ரிப்பனில் 'ஸ்ரீலங்கா' கிளாஸ்பும், அதாவது இடப்பெயர் பொறித்த பட்டையும். கார்கிலுக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டாரும் மெடலும். சியாச்சின் மெடல், உயரமான மலைப்பகுதி மெடல், 9 வருடம், 20 வருடம், 30 வருடச் சேவை மெடல்கள் எல்லாம் இந்தக் கணக்குதான்.

படி 2: டிஸ்சார்ஜ் புக்கை எடுத்து வைத்துக் கணக்குப் போடுங்கள்

ஒரு தாளை எடுத்து, சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, எந்த யூனிட்டில் எந்த ஊரில் எப்போதிலிருந்து எப்போது வரை என்று வரிசையாக எழுதுங்கள். எதிரே மெடல் பக்கத்தில் இருப்பதை எழுதுங்கள். விட்டுப்போனது கண்ணில் பட்டுவிடும்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1983-இல் சிக்னல்ஸில், அதாவது தகவல்தொடர்புப் பிரிவில், சேர்ந்தார், 1999-இல் நாயக்காக வெளியே வந்தார், நடுவில் திருகோணமலையில் இருந்தார். 9 வருட மெடலுக்கு அவருக்குத் தகுதி உண்டு. சுதந்திரத்தின் 50-ஆம் ஆண்டு மெடல் 1997 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கு வந்தது, அதுவும் உண்டு. இலங்கைக்கான சிறப்புச் சேவை மெடலும் வரவேண்டும். புக்கில் முதல் இரண்டு மட்டும் இருந்தால், கேட்கவேண்டியது மூன்றாவது ஒன்றைத்தான். மெடல் இருந்து கிளாஸ்ப் மட்டும் விட்டுப்போவதும் உண்டு. அதனால் மெடல் பெயரோடு நிறுத்தாமல் பக்கத்தில் உள்ளதையும் படியுங்கள்.

படி 3: ஏன் விட்டுப்போனது என்று கண்டுபிடியுங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் படி இது. காரணம் தெரிந்தால் கடிதம் பாதி எழுதின மாதிரி.

ராணுவத்தில் உங்களைப் பற்றிய எந்த மாற்றமும், அதாவது கல்யாணம், குழந்தை, மாறுதல், பதவி உயர்வு, மெடல் எல்லாமே 'பார்ட் டூ ஆர்டர்' மூலம்தான் பதிவாகும். யூனிட் அதை வெளியிட்டு ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்பும், அங்கே உங்கள் ஷீட் ரோலில், அதாவது சேவைப் பதிவுத் தாளில், ஏற்றுவார்கள். இந்தச் சங்கிலியில் எங்கே அறுந்தது என்பதுதான் கேள்வி.

அதிகமாக அறுவது அட்டாச்மென்டில். உங்கள் சொந்த யூனிட் பஞ்சாபில், நீங்கள் மட்டும் ஒரு காலாட்படைப் பட்டாலியனோடு ஒட்டிக்கொண்டு இலங்கையில். பட்டாலியன்காரர்கள் தங்கள் ஆட்களுக்கு ஆர்டர் போட்டுவிடுவார்கள். நீங்கள் அவர்கள் கணக்கில் இல்லை, சொந்த யூனிட்டுக்கோ நீங்கள் அங்கே எத்தனை நாள் இருந்தீர்கள் என்று சரியாகத் தெரியாது. இரண்டு பேரும் மற்றவர் போட்டிருப்பார் என்று விட்டுவிடுவார்கள்.

அடுத்தது தேதி. 1965 போருக்கான சமர் சேவா ஸ்டாரும் ரக்ஷா மெடலும் அறிவிக்கப்பட்டது 1967-இல். அதற்குள் வெளியே வந்துவிட்டவரின் புக்கில் அது எப்படி ஏறியிருக்கும்? தாத்தாவின் புக்கை வைத்துக்கொண்டு கேட்கும் பேரப்பிள்ளைகள் இதைக் கவனிக்கவேண்டும்.

மூன்றாவது நம்பர். நாயப் சுபேதார் ஆனதும், அதாவது ஜேசிஓ (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்) ஆனதும், ஜேசி நம்பர் வந்துவிடும், பழைய நம்பர் போய்விடும். டிஸ்சார்ஜ் ஆகி டிஎஸ்சியில் (டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர்) மறுபடி சேர்ந்தவர்களுக்கும் அப்படித்தான்: அங்கே வேறு நம்பர், வேறு ரெக்கார்ட் ஆபீஸ். கடிதத்தில் ஒரு நம்பரை மட்டும் எழுதினால், தேடுகிறவர் பாதிக் காலத்தைத்தான் பார்ப்பார்.

அப்புறம் நம் பெயர்கள். இனிஷியலை முன்னால் போட்டு ஒரு இடத்தில், பின்னால் போட்டு இன்னொரு இடத்தில், அப்பா பெயரை முழுசாக நீட்டி வேறொரு இடத்தில். ஸ்பெல்லிங் பற்றிக் கேட்கவே வேண்டாம், ஒரே 'கருப்பையா' நாலு விதமாக இருப்பார். டிஸ்சார்ஜ் புக்கில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். ஆதார் வேறு மாதிரி இருந்தால், அதைத் திருத்துவது தனி மனு. மெடல் கடிதத்தில் அதைக் கலக்காதீர்கள்.

படி 4: காகிதம் சேருங்கள்

மூவ்மென்ட் ஆர்டர், போஸ்டிங் ஆர்டர், மிலிட்டரி ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, அந்த மாதங்களில் ஃபீல்டு அலவன்ஸ் வந்ததைக் காட்டும் சம்பளச் சீட்டு, யூனிட் சர்டிபிகேட். இவற்றில் ஒன்று கிடைத்தாலும் பலம்.

ஒன்றும் இல்லை என்றால் வீட்டுப் பெட்டியைத் திறங்கள். நம் பக்கத்து வீடுகளில் பழைய காகிதத்தைத் தூக்கிப்போடும் பழக்கம் குறைவு. நூறு வருடத்துக் கணக்கு நோட்டே மரப்பெட்டியில் இருக்கும் ஊர் இது. அப்போது வீட்டுக்கு எழுதிய இன்லண்ட் லெட்டர் கிடைத்தால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட வெளியே பாருங்கள். அனுப்புநர் இடத்தில் உங்கள் நம்பர், ரேங்க், யூனிட் பெயர், '56 ஏபிஓ' அல்லது '99 ஏபிஓ' என்று ராணுவத் தபால் நிலைய எண் இருக்கும். முத்திரையில் ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ் நம்பரும் தேதியும் இருக்கும். இது மட்டும் தகுதியை நிரூபிக்காது. ஆனால் எந்த யூனிட்டின் எந்த மாத ஆர்டரைத் தேடவேண்டும் என்று கிளார்க்குக்கு வழி காட்டும். அவருக்கு வேண்டியது அதுதான்.

கூட இருந்த நண்பருக்கு அதே காலத்துக்கு அதே மெடல் ஏறியிருந்தால், அவர் சம்மதத்தோடு அவர் புக்கின் மெடல் பக்க நகலை இணைக்கலாம். எல்லாமே ஜெராக்ஸ்தான். டிஸ்சார்ஜ் புக் அசலை அவர்களே எழுத்தில் கேட்காமல் அனுப்பவேண்டாம்.

படி 5: யாருக்கு எழுதுவது

ஜவான்களுக்கும் ஜேசிஓக்களுக்கும் அவரவர் பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் பெங்களூரு. சிக்னல்ஸ் ஜபல்பூர், பீரங்கிப்படை நாசிக் ரோடு, இஎம்இ (எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் இன்ஜினியர்ஸ் பிரிவு) செகந்திராபாத், மெடிக்கல் கோர் லக்னோ, டிஎஸ்சி கண்ணூர். கடற்படைக்கு மும்பை, விமானப்படைக்கு டெல்லி. முகவரி உங்கள் பிபிஓவில், அதாவது பென்ஷன் உத்தரவில், இருக்கும், 'ஆபீசர் இன் சார்ஜ், ரெக்கார்ட்ஸ்' என்று எழுதுங்கள். சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் ஆட்களையும் ஊரில் மிலிட்டரி என்றுதான் சொல்கிறோம், ஆனால் அவர்கள் உள்துறை அமைச்சகத்தின் கீழ். இந்த வழி அவர்களுக்கு இல்லை.

நேரே அனுப்பலாம். ஆனால் சோல்ஜர் போர்டு வழியாக, அதாவது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினால் முத்திரையோடு போகும், இன்னொரு நகல் ஒரு அலுவலகத்தில் இருக்கும். காசு கிடையாது. செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் பிரிந்து கிடப்பதை மறக்கவேண்டாம்: காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் சிவகங்கைக்குப் போகவேண்டும், ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு புதுக்கோட்டைக்கு.

படி 6: கடிதம்

ஒரே பக்கம். ஒரு கடிதத்தில் ஒரு கோரிக்கை. ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் எழுதுங்கள். தமிழில் எழுதினால் குற்றம் இல்லை, ஆனால் நாசிக்கில் அதைப் படிக்க ஆள் தேடவேண்டியிருக்கும். விஷயம் இப்படி இருந்தால் போதும்:

"நான், ஆர்மி நம்பர் ___, நாயக் ___, 1983 முதல் 1999 வரை சிக்னல்ஸ் பிரிவில் பணிபுரிந்தேன். 1988 மார்ச் முதல் 1989 ஜனவரி வரை திருகோணமலையில் ___ பட்டாலியனோடு அட்டாச்மென்டில் இருந்தேன். என் டிஸ்சார்ஜ் புக்கில் சிறப்புச் சேவை மெடலும் 'ஸ்ரீலங்கா' கிளாஸ்பும் பதிவாகவில்லை. இணைப்பு 1, 2-ஐயும் என் சேவை ஆவணங்களையும் சரிபார்த்து, தகுதி இருப்பின் பார்ட் டூ ஆர்டர் வெளியிட்டுப் பதிவைத் திருத்தித் தர வேண்டுகிறேன். தகுதி இல்லை எனில், எந்த ஆவணத்தின்படி என்று தெரிவிக்க வேண்டுகிறேன்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் 'பதிவு இல்லை' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அது இருந்தால் ஷீட் ரோலையாவது எடுத்துப் பார்க்கவேண்டும்.

குண்டுமழையில் நின்றது, குடும்பக் கஷ்டம், பிள்ளைக்கு வேலை இல்லாதது, இதெல்லாம் இதில் வேண்டாம். படிப்பவருக்கு மனசு இல்லை என்று சொல்லவில்லை. அதை வைத்து அவரால் ஒரு வரி கூடப் பதிவில் ஏற்ற முடியாது.

கணவர் இறந்திருந்தால் மனைவி எழுதலாம். இறப்புச் சான்று, குடும்ப பென்ஷன் பிபிஓ நகல், விதவை அடையாள அட்டை நகல் சேருங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைக் கடித நகலிலேயே பின் அடித்து வையுங்கள்.

படி 7: பதில் வரவில்லையா?

இரண்டு மாதம் போல் பார்த்துவிட்டு ஒரு நினைவூட்டல். அதற்கும் சத்தம் இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்தும் அனுப்பலாம், மத்திய அரசின் ஆர்டிஐ இணையதளத்திலும் போடலாம். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், அடுத்து மத்திய தகவல் ஆணையத்துக்கு 90 நாள் அவகாசம்.

ஆர்டிஐயில் 'ஏன் மெடல் தரவில்லை?' என்று கேட்கக்கூடாது. ஆவணத்தைக் கேட்கவேண்டும்: என் ஷீட் ரோலின் மெடல் பக்க நகல், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என் பெயரில் வந்த பார்ட் டூ ஆர்டர்களின் நகல், என் ___ தேதியிட்ட கடிதத்தின் மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்பு. ஆர்டிஐ பதிவைத் திருத்தாது. திருத்தக் கேட்பதற்கு வேண்டிய காகிதத்தைக் கொடுக்கும்.

பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் சேவை ஆவணங்களை 25 வருடம் கழித்து அழித்துவிடுவது வழக்கம். அப்படிப் பதில் வந்தால் மனம் தளரவேண்டாம், 'லாங் ரோல்' நகலைக் கேளுங்கள். அது சுருக்கமான பதிவு, நிரந்தரமாக வைத்திருப்பார்கள்.

கடைசி வழி ஆயுதப்படைத் தீர்ப்பாயம், அதன் சென்னை அமர்வு. முதலில் துறைக்குள் மனுப் போட்டிருக்கவேண்டும். மறுப்பு வந்தால் ஆறு மாதத்துக்குள் போகலாம், ஆறு மாதம் பதிலே வராவிட்டாலும் போகலாம். ஒரு கிளாஸ்புக்காக வக்கீல் வைப்பதா என்று கேட்டால், நான் வைக்கமாட்டேன். ஆனால் ஆவணம் கையில் இருந்தும் மறுத்தார்கள் என்றால் அது உங்கள் முடிவு.

படி 8: பதிவு ஏறிய பிறகு

முதலில் கடிதம் வரும், அதில் பார்ட் டூ ஆர்டர் நம்பரும் தேதியும் இருக்கும். அந்தக் கடிதத்தை வைத்து டிஸ்சார்ஜ் புக்கில் ஏற்றித் தரும் வழியைக் கேளுங்கள். மெடல் தனியாக, தாமதமாகத்தான் வரும். ரிப்பன், மினியேச்சர் (சின்ன அளவு மெடல்) வேண்டுமானால் ராணுவச் சாமான் கடையில் வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் அதே மெடல் கண்ணில் பட்டது என்று வாங்கிவந்து மாட்டிக்கொள்வது மட்டும் வேண்டாம். அதன் விளிம்பில் வேறொருவரின் நம்பர் பொறித்திருக்கும்.

உங்களுக்கு வரும் மெடலிலும் அந்த விளிம்பைத்தான் முதலில் பார்க்கவேண்டும். நம்பர், ரேங்க், பெயர் மூன்றையும் புக்கோடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கவரோடு, வந்த கடித நகலோடு, அந்த வாரமே திருப்பி அனுப்புங்கள்.