கத்தி வாய் போனால் செய்யக் கூடாதவை

முகாமில் விறகு பிளக்கும்போது கட்டைக்குள் பழைய ஆணி ஒன்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. கத்தி முதுகில் தட்டினேன், 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தால் வாயின் நடுவில் அரை அரிசி அளவுக்கு ஒரு பல் விழுந்திருந்தது, அதாவது சில்லு பெயர்ந்து பள்ளமாகியிருந்தது. அதோடு விட்டிருந்தால் கத்தி பிழைத்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் பெஞ்ச் கிரைண்டரில் (மோட்டாரில் சுழலும் சாணைக்கல்) வைத்து அழுத்தினேன். பத்து நொடிகூட ஆகியிருக்காது, வாயோரம் மயில்கழுத்து நிறத்தில் நீலம் ஓடியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்தக் கத்தி அதன்பின் கூர் நிற்கவே இல்லை. ஆணி கெடுத்தது கொஞ்சம், நான் கெடுத்தது மீதி.

அந்த நீலம் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்ற தவறுகள் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான். சாதாரண கார்பன் ஸ்டீல் கத்தியைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பிறகு 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் பதப்படுத்துவார்கள். வாய் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பது அந்தச் சூட்டில்தான் முடிவாகிறது. அதைத் தாண்டி எப்போது சூடேறினாலும் கடினம் இறங்கும். 220 டிகிரியில் வெளிர் மஞ்சள், 260 வாக்கில் பழுப்பு, 280-இல் ஊதா, 300-ஐ நெருங்கும்போது நீலம் என்று இரும்பே நிறத்தில் சொல்லிவிடும். வாயோரம் மெல்லிய தகடு. சூடு பரவ இடமில்லாததால் முதலில் எரிவது அதுதான். நீலத்தை உப்புத்தாளால் தேய்த்துப் போக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. தேய்த்தால் நிறம்தான் போகும். மென்மையாகிப் போன இரும்பு அங்கேயேதான் இருக்கும். அந்த அளவுக்கு வாயைத் தேய்த்து எடுத்துவிட்டு உள்ளே நல்ல இரும்பைத் தேட வேண்டியதுதான். சந்தேகம் இருந்தால் கூரான அரம் ஒன்றை வாயில் லேசாக ஓட்டிப் பாருங்கள். நல்ல பதமுள்ள இடத்தில் வழுக்கிக்கொண்டு போகும், கெட்ட இடத்தில் பிடித்து அரிக்கும்.

அதனால் கிரைண்டர் தொடவே கூடாதா என்றால், முடிந்தவரை வேண்டாம் என்பேன். கட்டாயம் என்றால் கையுறை இல்லாமல் வெறும் விரலை அலகில் வைத்தபடி பிடியுங்கள். (சுழலும் கல்லில் கையுறை மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும், அது தனி ஆபத்து. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் கட்டாயம்.) விரலுக்குச் சுடுகிறது என்றால் உடனே தண்ணீரில் தோய்க்க வேண்டும். தண்ணீர் வாயோரத்தில் கொதித்து ஆவியானால் ஏற்கெனவே தாமதம்.

இன்னொரு தவறு, என்ன அடிபட்டது என்று பார்க்காமலே கல்லை எடுப்பது. வாய் மடிந்திருப்பதும் பல் விழுந்திருப்பதும் வேறு வேறு. விளக்குக்கு நேரே வாயை மேலே காட்டிப் பிடியுங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பாது. மின்னுகிற இடம் அடிபட்ட இடம். நகத்தை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக மெதுவாக வழித்தால், மடிந்த பக்கத்தில் நகம் தட்டும். மடிந்தது மட்டும் என்றால் பீங்கான் கம்பியில் லேசாகப் பத்து முறை இழுத்தாலே நிமிர்ந்துவிடும். இரும்பு அதிகம் வீணாகாது. அதைப் போய் 120 நம்பர் முரட்டுக் கல்லில் தேய்ப்பவரைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பல் விழுந்த இடத்தை மட்டும் தேய்ப்பது அடுத்தது. கை தானாக அங்கேதான் போகும், நானும் செய்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் பல் மறைந்துவிடும், ஆனால் அந்த இடம் குழிந்து வாய் அலைபோல் ஆகிவிடும். பலகையில் வைத்து வெட்டினால் அந்தக் குழி மட்டும் தொடாது. சரியான வழி மனசுக்குக் கஷ்டமானது: கத்தியை நெட்டுக்குத்தாக நிமிர்த்தி, வாயைக் கல்லில் வைத்து, கல்லையே அறுப்பதுபோல் வாயின் வளைவை ஒட்டி முழு நீளமும் இழுக்க வேண்டும். பல்லின் அடிமட்டம் வரை வாய் முழுக்கச் சமமாக இறங்கட்டும். இப்போது கத்தி மொட்டை. மேலிருந்து பார்த்தால் வாய் நெடுக வெள்ளைக் கோடு ஒன்று மின்னும். அந்தக் கோடுதான் வழிகாட்டி. இரண்டு பக்கமும் சரிசமமாகத் தேய்க்கத் தேய்க்க அது மெலிந்துகொண்டே வந்து மறையும். தடித்த இடத்தில் கூடுதலாக நாலு இழுப்பு, மெலிந்த இடத்தில் நிறுத்தல். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த பல் என்றால் இவ்வளவும் தேவையில்லை. வழக்கமாகச் சாணை பிடிக்கும்போது மூன்று நான்கு முறையில் தானே போய்விடும்.

கோணத்தை ஊகத்தில் பிடிக்காதீர்கள். காடு மேடு போகும் கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 20 முதல் 25 டிகிரி போதும். வாயை ஒட்டிய சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசி, நாலு இழுப்புக்குப் பிறகு பாருங்கள். வாயோரம் மை மிச்சமிருந்தால் கத்தி அதிகமாகப் படுத்திருக்கிறது; மேலே மிச்சமிருந்தால் அதிகமாக நிமிர்ந்திருக்கிறது. வாய் ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கினால் அங்கே அலகு தடிப்பாக இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். கூர் வந்தும் கத்தி வெட்டாமல் பிளப்பதுபோல் நெருடினால், வாய்க்கு மேலுள்ள பகுதியையும் மெலிதாக்க வேண்டும்.

முனை உடைந்தவர்கள் வாய்ப்பக்கம் தேய்த்து முனை வரவழைப்பார்கள். அப்படிச் செய்தால் நல்ல வாயும் போகும், முனையும் மேல்நோக்கித் தூக்கிக்கொள்ளும். முதுகுப்பக்கம் தேய்த்து, முதுகை வளைத்து இறக்கி வாயோடு சேருங்கள்.

வளைந்த அலகைச் சுத்தியலால் தட்ட வேண்டாம். பதமுள்ள இரும்பு சில சமயம் கண்ணாடிபோல் ஒடியும். விரிசல் விட்டதை வெல்டிங் வைத்து ஒட்டக் கொடுக்கவும் வேண்டாம், அந்தச் சூட்டில் பதம் மொத்தமாகப் போய்விடும். விரிசல் அலகுக்குள் ஆழமாக ஓடியிருந்தால் அந்தக் கத்திக்கு ஓய்வுதான். 'வி' வடிவப் பள்ளத்தில் இழுத்துக் கூராக்கும் கையடக்கக் கருவியும் பல் விழுந்த வாய்க்கு ஆகாது. அதன் கடினமான தகடுகள் பல்லின் ஓரத்தில் மாட்டி இன்னும் பிய்த்தெடுக்கும்.

கல் மாற்றுவதில் அவசரம் காட்டுபவர்கள் பிசிரைக் கூர் என்று நம்பி ஏமாறுவார்கள். 220-இல் தேய்த்ததும் வாயின் மறுபக்கத்தில் கம்பிபோல் பிசிர் எழும். காகிதத்தை அது அழகாக வெட்டும், ஒரு குச்சியைச் சீவினால் மடிந்துவிடும். 400, 1000 என்று நுண்ணிய கற்களுக்கு ஏறி, ஒவ்வொன்றிலும் அழுத்தத்தைக் குறைத்து, பக்கம் மாற்றி மாற்றி இழுத்துப் பிசிரைத் தேய்த்தெடுக்க வேண்டும். கடைசியில் தோல்வாரில் முதுகு முன்னே போகும்படி இழுங்கள். வாய் முன்னே போனால் வார்தான் வெட்டுப்படும். இத்தனை நேரமும் தேய்க்காத பகுதியில் டேப் சுற்றியிருந்தால் விரல் தப்பிக்கும்.

சரிசெய்த கத்தியை அன்றே கடினக் கட்டையில் அடித்துச் சோதிக்காதீர்கள். முதலில் காகிதம், பிறகு மென்மையான குச்சி. அதே இடத்தில் மறுபடி பொடியாக உதிர்ந்தால், அடிபட்டபோது விழுந்த நுண்விரிசல் உள்ளே மிச்சமிருக்கலாம். இன்னும் கொஞ்சம் வாயை இறக்கிப் பாருங்கள். அப்போதும் உதிர்ந்தால் கோணத்தைப் பக்கத்துக்கு இரண்டு மூன்று டிகிரி கூட்டிவிடுங்கள்.