தேர்வுக் கட்டணத்தை கம்பெனி தரும் என்று நம்பிக் கட்டுவதற்கு முன்

வேலைக்காக லைசென்ஸ் தேர்வோ சான்றிதழ் தேர்வோ எழுதும் பலருக்கும் ஒரே கதைதான். கம்பெனியில் திருப்பித் தருவார்கள் என்று சொந்தப் பணத்தைக் கட்டுகிறார்கள், மாதக்கணக்கில் படித்துத் தேறுகிறார்கள், கடைசியில் கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது. உழைத்துத் தேறியவர் கைக்காசையும் இழப்பது எனக்குப் பெரிய அநியாயமாகத் தெரிகிறது. கொஞ்சம் முன்னாலேயே கேட்டிருந்தால் பல நேரம் அதைத் தவிர்த்திருக்கலாம்.

முதல் தவறு, பணத்தைக் கட்டிவிட்டு அனுமதி கேட்பது. முன் அனுமதி இல்லாத செலவை ஏற்க மாட்டோம் என்று பல நிறுவனங்கள் விதியிலேயே எழுதி வைத்திருக்கின்றன. மேனேஜர் வாய்வார்த்தையாக "சரி, எழுதுங்க, பார்த்துக்கலாம்" என்று சொன்னது அனுமதி ஆகாது. நாளைக்கே அவர் வேறு டீமுக்குப் போகலாம், பட்ஜெட்டும் வெட்டப்படலாம். எந்தத் தேர்வு, யார் நடத்துகிறார்கள், எவ்வளவு கட்டணம், எந்த மாதம் கட்டப் போகிறீர்கள் என்று நான்கே வரியில் மெயில் அனுப்பி, எச்.ஆரையும் அதில் சேர்த்து, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.

அடுத்தது, 'தேர்வுக் கட்டணம்' என்றால் எல்லாச் செலவும் அதற்குள் வந்துவிடும் என்று நினைப்பது. விண்ணப்பக் கட்டணம், தேர்வுக் கட்டணம், தேதியை மாற்றினால் அதற்கொரு கட்டணம், தேறியபின் லைசென்ஸ் வழங்கும் கட்டணம் என்று ஒவ்வொன்றும் தனி. பயிற்சி வகுப்பு, புத்தகம், தேர்வு மையத்துக்குப் போய்வரும் செலவு இன்னொரு பக்கம். உறுப்பினர் சந்தாவையும் கேட்டுவிடுங்கள். திட்ட மேலாண்மைக்கான பி.எம்.பி. தேர்வை நடத்தும் பி.எம்.ஐ. அமைப்பில் உறுப்பினர்களுக்குத் தேர்வுக் கட்டணம் குறைவு. ஆனால் சந்தாவைத் தர மறுக்கும் நிறுவனத்தில், அந்தச் சலுகைக்காகக் கட்டிய சந்தா உங்கள் தலையில்தான் விழும்.

அதிகம் பேர் அடிபடுவது 'தேறினால் மட்டும் தருவோம்' என்ற நிபந்தனையில். தோற்றால் என்ன ஆகும், இரண்டாவது முறை எழுதினால் எந்த முறைக்கான பணம் கிடைக்கும் என்று கேட்கக் கூச்சப்படுகிறோம். கூச்சப்பட வேண்டியதில்லை. முதலீட்டுத் துறைக்கான சி.எஃப்.ஏ. தேர்வின் முதல் நிலையை எழுதுபவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே தேறுவது வழக்கம், அதற்குமேல் இன்னும் 2 நிலைகள் இருக்கின்றன. ஒவ்வொரு நிலைக்கும் தனியாகப் பணம் வருமா, மூன்றும் முடிந்தபின் மொத்தமாக வருமா என்பது சின்ன வித்தியாசமல்ல; முடிய வருடங்கள் ஆகும், அதற்குள் நீங்கள் வேலையே மாறியிருக்கலாம். கணக்காளர்களுக்கான அமெரிக்க சி.பி.ஏ. தேர்வின் 4 தாள்களுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

'தேர்ச்சி' என்று எழுதியிருக்கிறதா, 'சான்றிதழ்' என்று எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். தகவல் பாதுகாப்புத் துறைக்கான சி.ஐ.எஸ்.எஸ்.பி. தேர்வில் தேறினாலும், பொதுவாக 5 வருட அனுபவத்தைக் காட்டினால்தான் சான்றிதழ் கிடைக்கும். அனுபவம் போதாதவர் அது நிரம்பும்வரை 'அசோசியேட்' நிலையில்தான் இருப்பார். சான்றிதழைக் காட்டச் சொல்லும் நிறுவனத்தில், தேறியும் அவர் காத்திருக்க வேண்டியதுதான்.

அப்புறம், பணம் கேட்கும்போது கையெழுத்து வாங்கும் ஒப்பந்தம். இத்தனை மாதத்துக்குள் வேலையை விட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருக்கும். மாதம் எத்தனை என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் காலம் தேர்வு நாளிலிருந்து தொடங்குகிறதா, பணம் உங்கள் கணக்கில் விழுந்த நாளிலிருந்தா? பாதிக் காலம் வேலை செய்திருந்தால் பாதித் தொகை கழியுமா, முழுத் தொகையும் கேட்பார்களா? நிறுவனமே ஆட்குறைப்பு செய்தால்? இந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்குவது மிக முக்கியம். எழுதாமல் விட்டால், வேலை போன நேரத்தில் கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளப் பார்ப்பார்கள்.

ரசீது விஷயம் எளிது, ஆனால் தவறவிடுவார்கள். கார்டு ஸ்டேட்மென்ட்டில் பணம் போனது தெரியும், எதற்குப் போனது என்பது தெரியாது. உங்கள் பெயர், தேர்வின் பெயர், தேதி, தொகை நான்கும் உள்ள ரசீதை அன்றே இறக்கி வையுங்கள். வெளிநாட்டு நாணயத்தில் கட்டினால் எந்த நாளின் மாற்று விகிதம் என்று கேளுங்கள். நிதியாண்டு முடிவில் கட்டி அடுத்த ஆண்டில் கிளெய்ம் போட்டால் மறுக்கும் இடங்களும் உண்டு. திரும்பி வரும் தொகைக்கு வரி உண்டா என்பது நாட்டுக்கு நாடு மாறும், சம்பளப் பிரிவில் விசாரியுங்கள்.

புதுப்பிக்கும் செலவை அநேகமாக யாருமே முதலில் கேட்பதில்லை. பி.எம்.பி.க்கு 3 வருடத்துக்கு ஒருமுறை 60 பி.டி.யு. பயிற்சிப் புள்ளிகளைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், சி.ஐ.எஸ்.எஸ்.பி.க்கு ஒவ்வொரு வருடமும் கட்டணம் உண்டு. அந்தச் சான்றிதழ் உங்கள் வேலைக்குக் கட்டாயம் என்றால் இந்தச் செலவையும் நிறுவனம் ஏற்பதே நியாயம். அதைக் கேட்க நல்ல நேரம், புதிய வேலையில் சேருவதற்கு முன், ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடாமல் இருக்கும் அந்தச் சில நாட்கள். முதல் தேர்வு, மறுதேர்வு, புதுப்பிப்பு மூன்றையும் அந்தக் கடிதத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.