கிராம சபையில் குடிநீர்க் கோரிக்கையைத் தீர்மானமாக்குவது எப்படி?

எங்கள் ஊராட்சி கடலூர் நகரத்தை ஒட்டி இருக்கிறது. எங்கள் தெரு ஊரின் கடைசித் தெரு. குடிநீர்க் குழாயும் அங்கேதான் முடிகிறது. 2022 ஐப்பசி மழையில் குழாய்த் தண்ணீர் கலங்கி, சாக்கடை வாடையோடு வந்தது. ஒரே வாரத்தில் தெருவில் நான்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. என் மகளும் அதில் ஒருத்தி. இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றித்தான் அவளை வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

அதற்குப் பிறகுதான் கிராம சபைக்குப் போகத் தொடங்கினேன். முதல் முறை பேசிவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். அடுத்த முறை கோரிக்கை தீர்மானமானது. இரண்டுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதை முதன்முறை போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கிராம சபை என்றால் என்ன என்று விளக்கப் போவதில்லை. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் அதன் உறுப்பினர். பேச உங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கூட்டம். சில நேரம் தேதி தள்ளிப்போகும். அதனால் ஒரு வாரம் முன்பே ஊராட்சி அலுவலகப் பலகையைப் பார்த்துவிடுங்கள்.

படி 1: குறையை எண்ணாக மாற்றுங்கள்

"தண்ணீர் சரியில்லை" என்று கூட்டத்தில் சொன்னால், "பார்க்கிறோம்" என்ற பதில்தான் வரும். எண்ணும் தேதியும் சொன்னால்தான் பதிலுக்கு எண்ணும் தேதியும் வரும்.

ஒரு 80 பக்கப் பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். எந்த நாள், எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, நிறம், வாடை, யார் வீட்டில் வயிற்றுப்போக்கு என்று தினமும் ஒரு வரி. கைப்பேசியில் குறித்து வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. கூட்டத்தில் நோட்டுப் புத்தகத்தை மேசைமேல் விரித்து வைத்தால் நாலு பேர் குனிந்து படிக்கிறார்கள். கைப்பேசியை நீட்டினால் யாரும் வாங்கிப் பார்ப்பதில்லை. புகைப்படம் மட்டும் கைப்பேசியில் எடுங்கள். தேதி அதில் பதிவாகிவிடும்.

அடுத்தது குளோரின். கடைக்கோடிக் குழாயில் திறக்கும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். அதைச் சோதிக்கும் சிறு கருவியின் பெயர் குளோராஸ்கோப். கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து மருந்துத் துளி விட்டால் மஞ்சள் நிறம் வரும்; மஞ்சள் அடர்ந்தால் குளோரின் அதிகம். எங்கள் பகுதிச் சுகாதார ஆய்வாளரிடம் கேட்டபோது அவரே வந்து சோதித்துக் காட்டினார். தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் மஞ்சள் தெரிந்தது. எங்கள் தெருவில் பிடித்த தண்ணீர் நிறமே மாறவில்லை.

ஏன் என்று அவரே விளக்கினார். எங்கள் தெருக் குழாய் வடிகாலுக்குள் போகிறது. மோட்டார் ஓடும்போது குழாயில் அழுத்தம் இருப்பதால் இணைப்பில் உள்ள ஓட்டை வழியே தண்ணீர் வெளியே கசியும். மோட்டார் நின்றதும் அழுத்தம் இறங்கி, வெளியே நிற்கும் சாக்கடை அதே ஓட்டை வழியாக உள்ளே இழுக்கப்படும். தண்ணீரில் இருந்த குளோரின் அந்த அழுக்கோடு போராடியே தீர்ந்துவிடும். மழைக்காலத்தில் வடிகால் நிரம்பி நின்றால் கேட்கவே வேண்டாம்.

டி.டி.எஸ். பேனாவை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஆர்.ஓ. எந்திரம் விற்பவர்கள் அதைத்தான் காட்டுவார்கள். அது தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைச் சொல்லும். ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாதபோது 2000 வரை. கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பாகிவரும் நம் பகுதிக்கு அந்த எண்ணும் தேவைதான். ஆனால் கிருமி இருக்கிறதா, குளோரின் இருக்கிறதா என்பதை அந்தப் பேனா காட்டாது. என் மகள் குடித்த தண்ணீரில் அந்தப் பேனாவை வைத்தால் நல்ல எண்ணே வந்திருக்கும்.

படி 2: வரவு செலவைப் படியுங்கள்

கிராம சபையில் ஊராட்சியின் வரவு செலவு 'படிவம் 30' என்ற பெயரில் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். பெரும்பாலும் ஒரு பேனராகக் கட்டியிருப்பார்கள். கூட்டம் தொடங்கும் முன்பே போய் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லா வரியையும் படிக்க வேண்டாம். தண்ணீருக்கு நான்கு வரிகள் போதும்: மோட்டார் பழுது, குழாய் பழுது, பிளீச்சிங் பவுடர், மின்கட்டணம். மின்கட்டணத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்டுவதற்கும் தனிக் கணக்கு உண்டு. அதைப் பொது நிதியோடு சேர்த்துக் கேட்டால் நம்மைக் குழப்பிவிடுவார்கள்.

தண்ணீரில் குளோரின் சேர்ப்பது பிளீச்சிங் பவுடர்தான். அதற்கு ஒரு எளிய கணக்கு. 1000 லிட்டருக்கு ஏறத்தாழ 4 கிராம். 30,000 லிட்டர் தொட்டிக்கு ஒரு முறை நிரப்ப 120 கிராம். நாளைக்கு இரண்டு முறை நிரப்பினால் 240 கிராம். மாதத்துக்கு 7 கிலோவுக்கு மேல். வாங்கிய கிலோ இதைவிட மிகக் குறைவாக இருந்தால் கேள்வி கேளுங்கள். மிக அதிகமாக இருந்தாலும் கேளுங்கள். மூட்டையைத் திறந்து வைத்தால் பவுடரின் வீரியம் குறைந்துவிடும். எங்கே, எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

இந்தக் கேள்விகளைத் தொட்டி ஆபரேட்டரிடம் கேட்காதீர்கள். பவுடரைக் கரைத்து அந்த ஏணியில் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர் அவர். பவுடர் வாங்குவதும் வாங்காமல் விடுவதும் அவர் கையில் இல்லை.

படி 3: தீர்மானத்தை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள்

இது எளிது. எந்த இடம், என்ன குறை, என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள், எந்த நிதியில் என்ற ஐந்தும் அதில் இருந்தால் போதும். நான் கொண்டுபோனது இதுதான்:

"கடைசித் தெருவில் குடிநீர்க் குழாய் வடிகாலுக்குள் செல்வதால் கழிவுநீர் கலக்கிறது. எனவே, அக்குழாயை 30.09.2023-க்குள் வடிகாலுக்கு வெளியே மாற்றி அமைக்கவும், அதற்கான செலவை ஊராட்சிப் பொது நிதியிலிருந்து மேற்கொள்ளவும், பணி முடியும்வரை கடைக்கோடிக் குழாயில் குளோரின் அளவை வாரந்தோறும் சோதித்து ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிவைக்கவும் தீர்மானிக்கப்பட்டது."

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று ஊராட்சி செயலருக்கு, ஒன்று உங்களுக்கு. உங்கள் பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 4: கையெழுத்து. இங்கேதான் நான் தோற்றேன்

2023 ஜனவரி 26. பள்ளி வளாகத்தில் கூட்டம். வாசலில் ஒரு மேசை. அதன்மேல் ஒரு நீளமான புத்தகம். வருகைப் பதிவு என்று நினைத்து, எனக்கு முன்னால் நின்ற நூறு நாள் வேலைப் பெண்களைப் போலவே நானும் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனேன். மேற்பகுதி காலியாக இருந்ததைப் பார்த்தேன். அதைப் பற்றி யோசிக்கவில்லை.

என் முறை வந்தபோது நன்றாகவே பேசினேன். மகளின் மருத்துவச் சீட்டைக் காட்டினேன். கூட்டத்தில் கைதட்டினார்கள். "எழுதிக்கொள்கிறேன் அம்மா, நீங்கள் உட்காருங்கள்" என்றார் செயலர். நம்பி உட்கார்ந்தேன்.

பிப்ரவரி கடைசியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்தத் தீர்மானத்தின் நகலைக் கேட்டேன். அது கைக்கு வருவதற்குள் மார்ச் 22 கூட்டமும் முடிந்துவிட்டது. என் பேச்சுக்கு அதில் ஒரே ஒரு வரி: "குடிநீர் விநியோகம் குறித்து விவாதிக்கப்பட்டது."

விவாதிக்கப்பட்டது. அந்த ஒரு சொல்லை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. தீர்மானிக்கப்பட்டது என்று இருந்தால் அது ஊராட்சி செய்தாக வேண்டிய வேலை. விவாதிக்கப்பட்டது என்றால் அன்று பேசினோம், கலைந்தோம், அவ்வளவுதான். அந்த வரிக்குக் கீழே அறுபத்தோராவது ஆளாக என் கையெழுத்து இருந்தது. காலிப் பக்கத்தில் நானே போட்டுக் கொடுத்தது.

மே 1 கூட்டத்துக்கு மூன்று காரியங்களை முடிவு செய்துகொண்டு போனேன். நீங்களும் இதே வரிசையில் செய்யுங்கள்.

முதலில், வருகைக்குக் கையெழுத்துப் போடுங்கள், மறுக்காதீர்கள். வந்தவர் எண்ணிக்கை குறைந்தால் கூட்டமே செல்லாது. ஆனால் கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியும் "வருகைக்கு மட்டும்" என்றும் எழுதுங்கள். கையெழுத்துப் போட வந்த ஒவ்வொருவருக்கும் எதிர்வீட்டுப் பெரியம்மா இதைச் சொல்லிக்கொண்டே மேசைக்குப் பக்கத்தில் நின்றார். முப்பது பேராவது அப்படி எழுதினார்கள்.

அடுத்து, பேசி முடித்ததும் உட்காராதீர்கள். எழுதிவந்த தாளை உரக்கப் படித்து, "இதைத் தீர்மானமாக எழுத வேண்டும்; ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள்" என்று சபையைப் பார்த்துக் கேளுங்கள். தலைவரைப் பார்த்துக் கேட்டால் அது மனு. சபையைப் பார்த்துக் கேட்டால்தான் தீர்மானம்.

கடைசியாக, கலையும் முன் தீர்மானப் புத்தகத்தை வாசிக்கச் சொல்லுங்கள். அன்று வெயில். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பெரியம்மா மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. "ஐயா, எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். எனக்கு எழுத்துத் தெரியாது, காதால் கேட்டுவிட்டுப் போகிறேன்" என்றார். போனவர்கள் திரும்பி வந்தார்கள். செயலர் படித்தார். குழாய் மாற்றும் தேதி விட்டுப்போயிருந்தது. சொன்னோம், சேர்த்தார். கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு இழுக்கச் சொல்லி, அதற்கடியில் கையெழுத்துப் போட்டோம். பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டேன்.

படி 5: பிறகு

தீர்மான நகல் கேட்டு ஊராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு. நகல் வந்ததும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்திலும் ஒரு பிரதி கொடுங்கள். வெறும் மனுவாகக் கொடுக்காமல், "இந்தத் தேதியில் கிராம சபை இயற்றிய தீர்மானம், இன்னும் நிறைவேறவில்லை" என்று தொடங்குங்கள்.

எங்கள் தெருக் குழாய் செப்டம்பர் இரண்டாம் வாரம் வடிகாலை விட்டு வெளியே வந்தது.

பின்னூட்டங்களைப் பார்த்தபின் சேர்த்தவை

எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஊராட்சி மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர். 3,000 வரை 100. 10,000 வரை 200. அதற்கு மேல் 300. எண்ணிக்கை போதவில்லை என்று ஒத்திவைத்தால், ஒத்திவைத்ததையும் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

நம் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர் பொறுப்புக்கு வந்துவிட்டார். இனி இந்த வழி செல்லுமா என்று ஒரு தங்கை கேட்டார். செல்லும். தலைமை தாங்குபவர்தான் மாறியிருக்கிறார். சபையும் தீர்மானப் புத்தகமும் மாறவில்லை. 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் வடிந்த பிறகு வந்த ஜனவரி 26 கூட்டத்தில், தொட்டியைக் கழுவும் தீர்மானத்தை இதே முறையில்தான் எழுத வைத்தோம்.

கடலூர் மாநகராட்சிக்குள் இருப்பவர்களுக்குக் கிராம சபை இல்லை. பகுதி சபை உண்டு. 2022 நவம்பர் 1 அன்று தமிழகத்தில் முதன்முதலாகக் கூட்டப்பட்டது. உங்கள் வார்டு மாமன்ற உறுப்பினர்தான் தலைவர். மொத்தம் 45 வார்டு. உங்கள் வார்டில் கடைசியாக எப்போது கூடியது என்று அவரிடமே கேளுங்கள். மூன்றாம் படியும் நான்காம் படியும் அங்கேயும் அப்படியே பொருந்தும்.

பாகூரிலிருந்து எழுதிய அண்ணனுக்கு: புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-இல், அதுவும் 1968-க்குப் பிறகு. 2011-இல் பதவிக்காலம் முடிந்த பின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. அரை மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கும் உங்களுக்கு இந்த வழி இல்லை என்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. இப்போதைக்குக் கொம்யூன் பஞ்சாயத்து ஆணையருக்குத் தெரு மக்கள் கையெழுத்தோடு மனு கொடுத்து ஒப்புதல் சீட்டு வாங்குங்கள். முதல் படியின் நோட்டுப் புத்தகத்தை அதோடு இணையுங்கள்.

கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். வைக்கலாம். எங்கள் புத்தகத்தில் கோட்டுக்கு அடியில் முதலாவதாக இருப்பது பெரியம்மாவின் கைநாட்டுதான்.