‘ஜிகூல்’ எங்கிருந்து வந்தது? சொல்மூலம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பசிபிக் பெருங்கடலிலுள்ள மார்ஷல் தீவுகளின் மொழியில் பள்ளிக்கூடத்துக்கு ‘ஜிகூல்’ என்று பெயர். இது ஐரோப்பியரிடமிருந்து வந்த கடன்சொல் என்பது கேட்டவுடனே புலப்படும். எந்த ஐரோப்பிய மொழி தந்தது என்று சொல்ல முனையும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள்.

பெரிய சறுக்கல், ஆண்ட நாட்டின் மொழியே சொல்லையும் தந்திருக்கும் என்று எண்ணிவிடுவது. அத்தீவுகள் 1885 முதல் 1914 வரை ஜெர்மனியின் கீழ் இருந்தன என்று படித்ததும், ஜெர்மன் மொழியின் ‘ஷூலெ’ (பள்ளி) கண்முன் வந்து நிற்கிறது. முதல் எழுத்தும் அந்த எண்ணத்துக்கு இடம்கொடுக்கிறது. ஏனெனில் ஆங்கிலச் ‘சேர்’ (நாற்காலி) அங்கே ‘ஜியா’ என்றும், காலணியைக் குறிக்கும் ‘ஷூஸ்’ அங்கே ‘ஜூஜ்’ என்றும் மாறியிருப்பதால், ஷகரம், சகரம், ஸகரம் ஆகிய எல்லாமே மார்ஷலிய மொழியில் ஜகரத்தில் வந்து அடங்கிவிடும் என்பது தெரிகிறது. ஆகவே ஜகரத்தை மட்டும் வைத்து ஒன்றும் தீர்மானிக்க இயலாது. தீர்மானிப்பது ககரம். ‘ஷூலெ’யில் அந்த ஒலியே கிடையாது, ஆங்கில ‘ஸ்கூல்’ என்பதில் உண்டு. சொல்லின் தொடக்கத்தில் அடுத்தடுத்து நின்ற இரு மெய்களுக்கிடையே ஓர் இகரம் நுழைந்தது என்று கொண்டால், ‘ஜிகூல்’ முழுமையாக விளங்கிவிடுகிறது.

சொல்லை இடையில் நின்று கடத்தியிருக்கக்கூடியவர்களை மறப்பது இன்னொரு தவறு. 1857இல் மார்ஷல் தீவுகளில் ஒன்றான எபோன் பவளத்தீவில் அமெரிக்க மதபோதகர்கள் பணியைத் தொடங்கினார்கள். ஹவாய்த் தீவினரும் அவர்களோடு உழைத்தார்கள். ஹவாய் மொழியிலும் பள்ளி ஆங்கிலக் கடன்சொல்தான், ஆனால் அங்கே அது ‘குலா’. முதல் ஒலியை இழந்துவிட்ட அந்த வடிவத்திலிருந்து ஜகரம் முளைத்திருக்க வழியில்லை. இத்தகைய வாய்ப்புகளையும் எடுத்துப் பார்த்து, காரணம் காட்டி விலக்குவதே முறையான ஆய்வு என்பது என் உறுதியான கருத்து.

ஓய்வு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லே ‘ஸ்கூல்’ என்பதன் வேர் என்பது உண்மை. அதற்காக மார்ஷலியர் கிரேக்கத்திலிருந்து கடன் வாங்கினார்கள் என்று எழுதக் கூடாது. தொலைமூலம் வேறு, கொடுத்த மொழி வேறு.

கடைசியாக, சொல்லின் வடிவத்தைக் கொண்டு காலத்தைக் கணிப்பதும் பிழை. மதபோதகர்களின் ஆங்கிலமும், 1944இல் தீவுகளைக் கைப்பற்றிய பின் வந்த அமெரிக்க நிர்வாகத்தின் ஆங்கிலமும் ஒரே ‘ஸ்கூல்’ என்பதையே பேசின. அவற்றைப் பிரித்தறிய, பழைய அச்சு நூல்களிலும் சொற்பட்டியல்களிலும் அச்சொல் முதன்முதலில் தென்படும் இடத்தையே தேட வேண்டும்.