மூளைத் திசுவில் ஆர்.என்.ஏ. அளத்தல்: நரம்பியல் ஆய்வாளர்களுக்கான செய்முறைப் பயிற்சியைக் கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள்

மின்னியல் பதிவிலோ நடத்தைச் சோதனையிலோ கைதேர்ந்த நரம்பியல் ஆய்வாளர் ஒருவர் மூலக்கூறு உயிரியல் கற்க வந்தால், முதல் நாளே சுண்டெலியின் மூளையைப் பிரித்து, ஆர்.என்.ஏ. எடுத்து, அதைச் சி.டி.என்.ஏ.வாக (ஆர்.என்.ஏ.வைப் பார்த்துப் படியெடுத்த டி.என்.ஏ.) மாற்றி, டி.என்.ஏ.வைச் சுழற்சி சுழற்சியாகப் பெருக்கி அளவிடும் நிகழ்நேர பி.சி.ஆர். கருவியில் ஏற்றச் சொல்வது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. ஆய்வு நடக்கும் வரிசை அதுதான் என்றாலும் பயிற்சிக்கு அது ஏற்றதன்று. கடைசியில் பெருக்கத்தைக் காட்டும் வளைகோடு எழவில்லையென்றால், பிழை திசுவில் நேர்ந்ததா, ஆர்.என்.ஏ.விலா, நுண்ணளவு நீர்மத்தை உறிஞ்சி விடும் பிப்பெட்டைப் பிடித்த கையிலா என்று பிரித்தறிய வழியிராது. அதற்குள் ஓர் உயிர் வீணாகியிருக்கும். ஆகவே, நினைவோடு தொடர்புடைய மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸில், நியூரான்கள் தூண்டப்படும்போது கிளர்ந்தெழும் சி-ஃபாஸ் மரபணுவின் வெளிப்பாட்டை அளப்பதை இலக்காக வைத்துக்கொண்டு, பின்னிருந்து முன்னோக்கிப் பயிற்சி அளிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் பிப்பெட். அறை வெப்பநிலையில் 100 மைக்ரோலிட்டர் நீர் ஏறத்தாழ 100 மில்லிகிராம் எடையிருக்கும் என்பதால், ஒரு நுண்தராசு இருந்தால் கையின் துல்லியத்தை உடனே சோதித்துவிடலாம். முனையை நீரில் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அமிழ்த்தாமல், கட்டைவிரலை மெதுவாக விடப் பழக வேண்டும். அடுத்து, தரம் தெரிந்த சி.டி.என்.ஏ. ஒன்றைப் பத்துப் பத்து மடங்காக ஐந்து படிகளில் நீர்க்கச் செய்து, ஒவ்வொன்றையும் மூன்று குழிகளில் இட்டு பி.சி.ஆர். ஓட்டச் சொல்லுங்கள். சி.டி. மதிப்பை (ஒளிர்வு எல்லையைக் கடக்கும் சுழற்சி எண்) சி.டி.என்.ஏ. அளவின் மடக்கைக்கு எதிரே வரைந்தால் கிடைக்கும் நேர்கோட்டின் சாய்வு -3.32 என்றால் ஒவ்வொரு சுழற்சியிலும் பிரதி இரட்டிப்பாகிறது என்று பொருள், -3.1 முதல் -3.6 வரை ஏற்கலாம். மூன்று குழிகளின் சி.டி. மதிப்புகள் 0.3 சுழற்சிக்கு மேல் சிதறினால், அடுத்த படிக்குப் போகாமல் மீண்டும் பிப்பெட்டுக்கே திரும்ப வேண்டும்.

சி.டி.என்.ஏ. தயாரிப்பதைக் கற்பிக்க அதிக நேரம் தேவையில்லை. ஆனால், தலைகீழ்ப்படியெடுப்பு நொதி சேர்க்காத குழாய் ஒன்றும், வார்ப்பான சி.டி.என்.ஏ.வுக்குப் பதிலாக நீர் மட்டும் இட்ட குழி ஒன்றும் ஒவ்வொரு முறையும் இருந்தே ஆக வேண்டும். முன்னது ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிவந்த மரபணு டி.என்.ஏ.வைக் காட்டிக்கொடுக்கும், பின்னது கரைசல்களில் கலந்த மாசைக் காட்டும்.

ஆர்.என்.ஏ. பிரித்தெடுப்புக்குத்தான் அதிக நாட்களை ஒதுக்க வேண்டும். வேறோர் ஆய்வுக்காக ஏற்கெனவே உயிர்நீத்த விலங்கின் கல்லீரலில் தொடங்குவது நல்லது. திசுவைக் கரைத்து ஆர்.என்.ஏ.வைப் பிரிக்க உதவும் ட்ரைசால் கரைசலைக் கொண்டு ஒரு மில்லிகிராம் கல்லீரலிலிருந்து 6 முதல் 10 மைக்ரோகிராம் ஆர்.என்.ஏ. கிடைக்கும், மூளையிலோ 1 முதல் 1.5 மைக்ரோகிராம்தான். ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகள் நம் தோலிலேயே இருப்பதாலும், அவற்றுள் சில கொதிநீருக்கும் அசையாதவை என்பதாலும், கையுறையை அடிக்கடி மாற்ற வேண்டும். ட்ரைசாலில் உள்ள ஃபீனால் தோலைப் பொசுக்கும். எனவே எல்லாவற்றையும் புகைபோக்கிப் பெட்டிக்குள் செய்ய வேண்டும். ட்ரைசால் கழிவில் பிளீச் ஊற்றினால் நச்சு வாயு எழும் என்பதைப் பயிற்சிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒரு மில்லிலிட்டர் ட்ரைசாலில் அரைத்த திசுவுடன் 0.2 மில்லிலிட்டர் குளோரோஃபார்ம் சேர்த்துக் குலுக்கி, 12,000 ஜி விசையில் 4 டிகிரியில் 15 நிமிடம் சுழற்றினால், அடியில் இளஞ்சிவப்பும் நடுவில் வெண்படலமும் மேலே நிறமற்ற நீரடுக்கும் பிரிந்து நிற்கும். குழாயைச் சாய்த்துப் பிடித்து மேலடுக்கை மட்டும் உறிஞ்ச வேண்டும். மூளையில் கொழுப்பு மிகுதி என்பதால் நடுப்படலம் தடித்து, சற்றே அசைந்தாலும் கலைந்துவிடும். கடைசித் துளிகளுக்கு ஆசைப்படாமல் விட்டுவிடுவதே சரி. பின்னர் ஐசோபுரோப்பனாலில் வீழ்படிவாக்கி, 75 சதவீத எத்தனாலில் கழுவி, அளவாக உலர்த்த வேண்டும். அளவு மீறி உலர்ந்த படிவு நீரில் கரைய மறுக்கும். கரைசல் 260, 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அளவுகளின் விகிதமான 260/280, 2.0-ஐ ஒட்டியிருந்தும் 260/230 தாழ்ந்திருந்தால் உப்பு எஞ்சியிருக்கிறது. இன்னொரு முறை கழுவுங்கள்.

இவ்வளவும் கைவந்த பிறகே, விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, மூளைக்கு வர வேண்டும். சி-ஃபாஸ் தூது ஆர்.என்.ஏ. தூண்டலுக்குப் பின் ஏறத்தாழ 30 நிமிடத்தில் உச்சத்தை அடைகிறது. அதன் புரதத்துக்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும். எனவே ஒவ்வொரு விலங்குக்கும் கடிகாரம் பார்த்துத் திசு எடுத்து, உடனே உலர்பனியில் உறையவைக்க வேண்டும். பழக்கமில்லாத கை தொட்டாலே இந்த மரபணு கிளர்ந்துவிடும் என்பதால், கட்டுப்பாட்டு விலங்குகளையும் பல நாட்கள் கையில் எடுத்துப் பழக்குவது அவசியம். ஒரு குழுவைக் காலையிலும் மற்றதை மாலையிலும் எடுக்காமல், மாற்றி மாற்றி எடுங்கள்.

முடிவைப் படிக்கும்போது, பெருக்கத்திறன் நிறைவாக இருந்தால் ஒரு சுழற்சி வேறுபாடு இருமடங்கைக் குறிக்கும். மாதிரிகளின் அளவு வேறுபாட்டைச் சரிசெய்யும் ஒப்பீட்டு மரபணுவாக, வழக்கமான ஜி.ஏ.பி.டி.எச். மட்டும் போதும் என்று எண்ணாமல், தூண்டலால் மாறாதவை என்று உங்கள் மாதிரிகளிலேயே உறுதிசெய்த இரண்டு மூன்றை வைத்துக்கொள்ளுங்கள். அரைத்த ஹிப்போகாம்பஸில் நியூரான்களும் அவற்றுக்குத் துணைநிற்கும் கிளியா செல்களும் கலந்தே இருப்பதால், சி-ஃபாஸ் உயர்ந்தது எந்தச் செல்லில் என்பதை இந்த அளவீடு சொல்லாது. அதை அறிய, மறுபாதி மூளையை அரைக்காமல் உறையவைத்து, திசுச்சீவல்களில் இன் சிட்டு ஹைபிரிடைசேஷன் (ஆர்.என்.ஏ.வை அது இருக்கும் செல்லிலேயே அடையாளங்காட்டும் முறை) செய்ய வேண்டும்.