புதிய தேனீ என்று சொல்வதற்கு முன்

வலையில் விழுந்ததுமே புதிய சிற்றினம் என்று அறிவிப்பவர்களை நான் நம்புவதில்லை. இதுவரை 20,000-க்கும் மேற்பட்ட தேனீச் சிற்றினங்களுக்குப் பெயர் வைத்தாயிற்று. அதனால் கையில் இருப்பது பழையதுதான் என்று நிரூபிக்கவே முதலில் பார்ப்பேன். முடியாவிட்டால்தான் மற்ற வேலை.

அனுமதி வாங்கிவிட்டுப் பிடியுங்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றிய மஞ்சள், நீல, வெள்ளைக் கிண்ணங்களிலும் தேனீ விழும். எனக்கு வலைதான் பிடிக்கும். எந்தப் பூவுக்கு வந்தது என்று கிண்ணம் சொல்லாது. ஆண், பெண் இரண்டையும் தேடுங்கள். இரண்டின் தோற்றமும் வேறுபடுவதால் ஒரே சிற்றினத்துக்கு இரண்டு பெயர் விழுந்த கதைகள் ஏராளம். பொதுவாக உணர்கொம்பில் ஆணுக்கு 13 கணு, பெண்ணுக்கு 12. பல வகைகளில் ஆண்கள் இரவில் செடித் தண்டைத் தாடையால் கவ்வியபடியே தூங்கும். அப்போது வலைகூட வேண்டாம்.

ஊசியை மார்பின் வலப்பக்கம் குத்துங்கள், இடப்பக்கம் சிதையாமல் இருக்கும். இடம், ஆயத்தொலைவு, தேதி, பிடித்தவர், பூ எல்லாம் லேபிளில் அன்றே ஏறிவிட வேண்டும்.

அப்புறம்தான் சுவாரசியம். உடல் காய்ந்து விறைப்பதற்குள், நுனி வளைத்த மெல்லிய ஊசியால் ஆணின் இனப்பெருக்க உறுப்பை வெளியே இழுங்கள். உள்ளே மறைந்திருக்கும் ஏழாம், எட்டாம் வயிற்றடித் தகடுகளையும் பாருங்கள். வெளியில் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் இரண்டு தேனீக்கள் பலமுறை இங்கேதான் பிரிகின்றன. தோலில் உள்ள குழிகளின் நெருக்கம், இறக்கை நரம்புகள், முகத்தகட்டின் வடிவம் ஆகியவற்றையும் குறியுங்கள். டி.என்.ஏ. பார்கோடு, அதாவது சிற்றினத்தை அடையாளம் காணப் பயன்படும் சி.ஓ.ஐ. மரபணுவின் 658 எழுத்துகள், ஆணையும் பெண்ணையும் ஜோடி சேர்க்க அருமையாக உதவும். அதை மட்டும் வைத்துப் பெயர் சூட்ட எனக்கு மனம் வராது.

பழைய விவரணைகள் சில நேரம் இரண்டே வரி லத்தீனாக இருக்கும். அதை நம்பி முடிவெடுக்காமல், அருங்காட்சியகத்தில் உள்ள ஹோலோடைப்பையே, அதாவது எந்தத் தேனீயை வைத்து அந்தப் பெயர் சூட்டப்பட்டதோ அந்த மூல மாதிரியையே பாருங்கள். மாதங்கள் ஓடினாலும் பரவாயில்லை.

அதற்கும் தேறினால் எழுதலாம். நெருங்கிய உறவுகளிலிருந்து எதில் வேறுபடுகிறது என்ற பகுதியை முதலில் எழுதுங்கள். படிப்பவர் தேடுவது அதைத்தான். ஒரே ஒரு தேனீயை ஹோலோடைப்பாகக் குறித்து, அது எங்கே வைக்கப்படும் என்றும் சொல்லுங்கள். மின்னிதழில் மட்டும் வெளியிட்டால், விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஸூபேங்கில் பதிவு கட்டாயம். சிற்றினப் பெயர் லத்தீன் பெயரடையாக இருந்தால் பேரினப் பெயரின் இலக்கணப் பாலுக்கு ஒத்துப்போக வேண்டும். உங்கள் சொந்தப் பெயரையே வைக்க விலங்குப் பெயரிடல் விதி தடுக்கவில்லை, ஆனால் சிரிப்பார்கள்.

பாராடைப்புகளை, அதாவது விவரணையில் சேர்த்த மற்ற மாதிரிகளை, வேறு அருங்காட்சியகங்களுக்கும் பிரித்து அனுப்பிவிடுங்கள். தீயும் பூஞ்சையும் அரிக்கும் வண்டும் எந்த அலமாரிக்கும் வரும்.